சவரக்கத்திப் பந்தயம்

“மாமா, கத்தியைக் கீழ வை. இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை.”

ஐந்தரைக்குப் பால் வரும். ஆறு மணிக்குக் காபி. ஆறேகாலுக்குச் சுதீர் கத்தியும் கையுமாக மாடியில் உட்காருவான். ஏழரைக்குக் குளித்துவிட்டுத் திருச்சானூர் லாட்ஜுக்கு ரிசப்ஷன் வேலைக்குக் கிளம்புவான். மூன்று வாரமாக இதுதான் நடக்கிறது.

புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்த மடக்குச் சவரக்கத்தி அது. எண்பது வயதாவது இருக்கும். வாங்கும்போது அது கத்திதானா என்று கடைக்காரருக்கே சந்தேகம். சுதீருக்கு இந்த வேலை முதல் தடவை. போனில் வீடியோ பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் துருவைத் தேய்த்தான். தீட்டுக்கல்லில் விளிம்பை இழைத்தான். உடைந்துபோன பிடிக்குப் பதிலாக மரத்தில் புதிதாக ஒன்று செதுக்கினான்.

“செம்மரமா மாமா? போலீஸ் வந்துடப் போறாங்க” என்றாள் அவன் மனைவி தேவயானி.

“வேப்பமரம்டி.”

“அப்போ சரி. வெட்டின காயத்துக்கு மருந்து தனியா வேணாம்.”

அந்தக் கேலியில்தான் பந்தயம் பிறந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள், ஒரு சொட்டு ரத்தம் வராமல், அதே கத்தியில் சுதீர் முழுச் சவரம் செய்ய வேண்டும். செய்துவிட்டால், எப்போதும் பஸ்ஸிலேயே திருப்பதி மலைக்குப் போகிற தேவயானி அடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேற வேண்டும். செய்யாவிட்டால் மலையில் அவனுக்கு மொட்டை.

சுதீருக்குத் தலைமுடி என்றால் உயிர். சுருள் சுருளாக அடர்ந்த முடி. லாட்ஜில் யாராவது மொட்டைத் தலையோடு வந்து சாவி கேட்டால், கொடுத்துவிட்டுத் தன் தலையை ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்வான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கத்தி கூர் கண்டது. தலையிலிருந்து ஒரே ஒரு முடியை மனசில்லாமல் பிடுங்கித் தொங்கவிட்டு, கத்தியில் லேசாக உரசினான். இரண்டு துண்டு.

“பாத்தியாடி!”

“பாத்தேன். கீழ வை. செவ்வாய்க்கிழமை யாராவது முகத்துல கத்தி வெப்பாங்களா?”

புதன்கிழமை, கத்தியைக் கடைசியாகத் தீட்டுகிற தோல் பெல்ட்டைக் காணவில்லை.

“அதுவா? துணியோட சேத்து ஊற வெச்சுட்டேன்.”

“தோல் பெல்ட்டையா?”

“அழுக்கா இருந்துச்சு மாமா.”

வியாழன், அமாவாசை. வெள்ளிக்கு, வெள்ளிக்கிழமை என்பதே காரணம். சனிக்கிழமை பெருமாள் நாள்.

“போன சனிக்கிழமை ஷேவ் பண்ணிக்கினுதானே வேலைக்குப் போனேன்?”

“அது பிளேடு. இது கத்தி.”

சுதீருக்குப் புரிந்துவிட்டது. படியேறப் பயம். தப்பாட்டம் ஆடுகிறாள்.

அன்று மத்தியானம் திருப்பதிக்குப் போனவள் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பினாள். ஏன் இவ்வளவு நேரம் என்றதற்கு, “ஷேர் ஆட்டோ கெடைக்கல” என்று சிரித்தாள். தோற்கப்போகிறவள் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை. சுதீர் மறுபடி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

ஞாயிறு அவள் எழுவதற்கு முன்பே எழுந்தான். ஒருவழியாகக் காய்ந்திருந்த பெல்ட்டில் கத்தியை முப்பது தரம் இழுத்தான். முகம் நிறைய நுரை பூசினான். கண்ணாடியைப் பார்த்துக் கன்னத்தை இழுத்துப் பிடித்து, மூச்சை அடக்கி, கத்தியைக் காதோரம் கொண்டுபோனான்.

அவன் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

“ஏமிட்டி இதி! இன்னிக்கு ஞாயித்துக்கிழமைடி. எந்தச் சாமிக்கும் ஆட்சேபணை இல்ல!”

“கத்தியைக் குடு மாமா.”

“மாட்டேன். படியேற பயந்துக்கினுதானே ஒரு வாரமா நாள், நட்சத்திரம்னு சொல்லிக்கினு இருந்த? ஒத்துக்க.”

“படியேற மாட்டேன். ஒத்துக்கறேன்.”

“அப்போ நான் ஜெயிச்சேன். வுடு, ஷேவ் பண்ணிக்கறேன்.”

“பண்ணக் கூடாது.”

“இன்னாடி இது அநியாயம்? சரி, நானே தோத்ததா வெச்சுக்க. மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கறேன். அதானே உன் ஆசை?”

“மொட்டையும் கூடாது.”

நுரை முகத்தோடு சுதீர் திரும்பிப் பார்த்தான். தேவயானி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தியை வாங்கினாள். மடக்கினாள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள்.

“படியேறக் கூடாதுன்னு நேத்து டாக்டரம்மா எனக்குச் சொன்னாங்க. குழந்தை பொறக்கற வரைக்கும் புருஷன்காரன் முடியில கத்தி படக் கூடாதுன்னு நான் உனக்குச் சொல்றேன்.”