ஓங்காமல் ஒரு வெட்டு

"உங்க கேம்ல இந்த அரக்கன் கோடாரிய ஓங்காமலே வெட்டுறான், விலக நேரமே இல்ல, அநியாயம்னு எல்லாரும் புலம்புறாங்களே சார்?" என்று கேட்டார் பெண் நிருபர்.

வீடியோ கேம் கம்பெனி முதலாளி கன்ட்ரோலரைத் தட்டிக்கொண்டே சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேமை ஆடிப் பாத்து சோதிக்கிற எங்க டெஸ்டர் பொண்ணும் இதையே சொல்லி ஒரு மாசமா அழுதா. உனக்கெல்லாம் கண்ணாமூச்சிதான் லாயக்குன்னுட்டேன்."

திரையில் வீரன் உருண்டு எழுந்து அரக்கனின் காலைக் கொத்தினான். ஓர் அடிகூட வாங்கவில்லை.

"பிரமாதம் சார்!"

"கை வேணும்மா. அழுமூஞ்சிங்களுக்கு அதுதான் இல்ல."

சட்டென்று வீரன் நின்றான். முதலாளியின் விரல்கள் பொத்தான்களில் தாண்டவமாடின. வீரன் அசையவே இல்லை. கோடாரி இறங்கியது. தலை உருண்டது.

"கன்ட்ரோலர்ல ஏதோ கோளாறும்மா."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. டெஸ்டர் பெண் இன்னொரு கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தாள்.

"கோளாறெல்லாம் இல்ல சார். இவ்வளவு நேரம் நான் ஆடினது இதுலதான். இனிமே நீங்களே ஆடுங்க."

முதலாளி பல்லைக் கடித்தார். "நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஓங்காம வெட்டினாத்தானே சார் உங்களுக்குப் புடிக்கும்?"