வாங்கிப் பார்க்காத அட்டை

லண்டனில் மகள் வீட்டுக்கு வந்த புதிதில், பூங்கா வாசலில் போலீஸ்காரனைக் கண்டதும் மகாலிங்கசிவத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. யாழ்ப்பாணத்து ஆமிச் சென்ரிகளில், இராணுவச் சோதனைச் சாவடிகளில், காலமெல்லாம் பழகிய கை. தொப்பியைக் கழற்றி, அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி அசையாமல் நின்றார். அவனோ "குட் மோர்னிங்" சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"வாங்கியே பாக்கேல்லை பிள்ளை. என்னவோ மனசில வச்சிருக்கிறான்," என்றவர் அன்று சாப்பாட்டில் கைவைக்கவில்லை.

மகள் வதனி விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க ஒருத்தரிட்டையும் அப்பிடி அட்டை இல்லையப்பா. கட்டாயம் வச்சிருக்கச் சொன்னா சனம் சண்டைக்கு வந்திடும்."

"அப்ப ஒராள் காணாமல் போனா, இன்னார்தான் எண்டு எதை வச்சுச் சொல்லுறது?"

வதனியின் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாளும் நீட்டினார். அதற்கு மறுநாளும் நீட்டினார். பிறகொரு காலை, தூரத்திலேயே இவரைக் கண்டுவிட்ட போலீஸ்காரன் சட்டென்று பக்கத்துச் சந்துக்குள் திரும்பினான். அட்டையைக் கண்டு ஒளிக்கிறவனை மட்டும் விடவே கூடாது என்பதை மகாலிங்கசிவம் ஆமிக்காரரிடம் நன்றாகப் படித்திருந்தார்.

"டேய், நில்லடா!" என்று கத்திக்கொண்டு அவன் பின்னால் ஓடினார்.