கொயினாவும் படப்பெட்டியும்

மன்னார்த் தீவின் வெண்மணலில் உச்சி வெயில் கண்ணைக் குத்துகிறது. பெருக்கமரத்தடி மேசையில் மூடி திறக்காத கொயினா மருந்துப் போத்தல் இருக்கிறது. அதற்கு மேலே, மருந்துக்குப் பணம் கொடுத்த வெளிநாட்டுச் சங்கத்தின் பெயர் எழுதிய துணி காற்றில் படபடக்கிறது. மலேரியாவில் நடுங்கும் மகனை மடியில் இறுக்கியபடி றஹீமா மணலில் இருக்கிறாள். பின்னால் ஊர்ப் பெண்கள். எதிரே மூன்று கால்களில் நிற்கும் படப்பெட்டியின் கறுப்புத் துணிக்குள் படக்காரர் தலையை நுழைத்திருக்கிறார். சங்கத்தின் கொடைப்பணத்தைக் கவனிக்கும் கந்தோர்க்காரர் கொன்ஸ்ரன்ரைன் கழுத்து வியர்வையைத் துடைக்கிறார். “முக்காட்டை விலத்திப்போட்டு இஞ்சை பார் பிள்ளை. முகம் தெரிஞ்சாத்தான் அவை அடுத்த வரியமும் காசு அனுப்புவினம்.” “மருந்தைத் தாங்கோ ஐயா, புள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது.” “முதல்ல படம்.” “உங்கட பொஞ்சாதியையும் இப்பிடி மணல்ல இருத்திப் படம் புடிச்சனீங்களோ?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்கிறாள். பெண்கள் சிரிக்கிறார்கள். கொன்ஸ்ரன்ரைன் போத்தலை எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைக்கிறார். சிரிப்பு அறுந்துபோகிறது. மகனின் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. பெண்கள் எழுந்து, மீன்வாடிப் பக்கம் நிற்கும் ஆண்கள் பார்க்காதபடி, சேலைத் தலைப்புகளை விரித்து றஹீமாவுக்குத் திரை பிடிக்கிறார்கள். அவள் முக்காட்டைத் தள்ளுகிறாள். கண்ணாடி வில்லையை நேரே பார்க்கிறாள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து படக்காரர் தலையை வெளியே எடுக்கிறார். “ஐயா, முறைக்கிற இந்த முகத்தை அங்கை அனுப்பேலாது. கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கோ.” றஹீமாவின் கண் இமைக்கவில்லை. அவளுடைய கை மட்டும் கொன்ஸ்ரன்ரைனின் கோட்டுப் பையை நோக்கி நீண்டபடியே இருக்கிறது.