முன்னால் வணக்கம், பின்னால் நன்றி

எல்லாரும் வைத்திருக்கிறார்களே என்று தவளையாரும் தம் குளத்து வெப்சைட்டின் வாசலில், வருபவர்களை வரவேற்க ஒரு மலைப்பாம்பை வைத்தார்.

"வர்றவங்களை விழுங்குறது என் டீஃபால்ட். அதுக்கு முன்னால, பின்னால என்ன செய்யணும்னு செட்டிங்ஸ்ல எழுதிடுங்க, அப்படியே செய்யறேன்" என்றது பாம்பு.

தவளையார் ரசித்து ரசித்து எழுதினார். விழுங்குவதற்கு முன் வணக்கம், பெயர் விசாரிப்பு. விழுங்கிய பின், "நன்றி, மீண்டும் வருக."

"விழுங்குறதையே நிறுத்த ஒரு வரி போதுமே, அண்ணே" என்றது பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்த நத்தை.

"உனக்கென்ன தெரியும்? அதுல கை வச்சா அடுத்த அப்டேட்ல எல்லாம் புட்டுக்கும்" என்று எரிந்து விழுந்தார்.

திறப்பு விழாவன்று முதல் ஆளாகத் தாமே வாசலுக்குப் போனார். பாம்பு வணங்கியது, பெயரைக் கேட்டது, வாயைத் திறந்தது.

வயிற்றுக்குள் போன தவளையார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். "நன்றி, மீண்டும் வருக" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.