பல்லி சொன்ன சாட்சி

மலை உச்சிக் கொட்டகையில ஒரு மிஷின் இருந்துச்சு. காத்தை உறிஞ்சி, அதுல கரியமில வாயு எவ்வளவுன்னு வருஷக்கணக்கா அளக்குறதுதான் அதோட வேலை. அதோட முதுகுச் சூட்டுல ஒரு பல்லி முட்டை வெச்சிருந்துச்சு.

"இந்த வருஷமாவது அளவு இறங்குச்சாய்யா?"ன்னு கேட்டுச்சு பல்லி.

"எங்கடி இறங்குது? ஏறிக்கிட்டேதான் போகுது. நடுவுல என்னைய நிறுத்திட்டா மொத்தக் கணக்கையும் செல்லாதுன்னுடுவானுங்க."

அன்னிக்கு ரெண்டு ஆபீசருங்க வந்தாங்க. மிஷின் திரையில மேல ஏறிக்கிட்டே போன கோட்டைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாங்க.

"காத்து நல்லாத்தான் சார் இருக்கு. மிஷினுக்குத்தான் கிறுக்கு"ன்னான் சின்னவன்.

பல்லிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "அடப் புளுகுணிப் பயலே!"ன்னு தொண்டை கிழியக் கத்துச்சு. வெளிய வந்தது என்னவோ, "ச்சு, ச்சு, ச்சு."

பெரிய ஆபீசர் பயபக்தியா மேஜையில விரலால தட்டினார். "பாத்தியா? பல்லியே சொல்லிடுச்சு. நெசம்தான்."

"ஐயோ, பொய்யி! பொய்யி!" பல்லி இன்னும் சத்தமாக் கத்துச்சு. "ச்சு, ச்சு, ச்சு!"

"வாய மூடித் தொலைடி! நீ கத்தக் கத்த அவனுங்களுக்குத்தான்டி சாட்சி சேருது!"ன்னு மிஷின் கெஞ்சுச்சு.

அதுக்குள்ள சின்னவன் வயரைப் புடுங்கிட்டான்.

பல்லி வாய இறுக்கிக்கிட்டு, ஆறிக்கிட்டிருந்த முட்டைங்க மேல போய்ப் படுத்துச்சு.

"காத்து சுத்தம்னு எழுதிரு"ன்னார் பெரியவர், கதவைப் பூட்டிக்கிட்டே.

சின்னவன் ஒரு நிமிஷம் கதவுல காதை வெச்சுக் கேட்டான். உள்ள சத்தமே இல்ல.

"மறுப்பு ஒண்ணும் இல்ல சார்"ன்னான்.