மஞ்சள் கோடு

“டேப்பை இவ்வளவு விறைப்பா இழுக்காதே பாப்பா, அறுந்துரும். கொஞ்சம் தளர்த்திப் பிடி,” என்றார் விட்டல பூஜாரி.

“தளர்த்தினா உங்க கடை நூறு கெஜத்தைத் தாண்டிரும், மாமா. எங்களுக்குத் தெரியாதா?” என்றாள் ஒன்பதாம் வகுப்பு நிஷ்மிதா.

பள்ளி வாசலிலிருந்து நூறு கெஜத்துக்குள், அதாவது முன்னூறு அடிக்குள், சிகரெட் விற்கக் கூடாது. அந்த எல்லையில் மஞ்சள் கோடு போடும் வேலையைப் பள்ளி தன் மாணவர்களிடமே விட்டிருந்தது. நூறடி டேப்பை இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. இது மூன்றாவது.

சக்கரம் வைத்த அந்தப் பெட்டிக்கடை விட்டல பூஜாரியுடையது. பஜ்ஜியும் புனர்புளிப் பழச் சர்பத்தும் விற்று அதை நடத்துவது தம்பி சஞ்சீவன். போன வருஷம் சிகரெட்டைக் கொண்டுவந்து வைத்தது அண்ணன்.

“சனிக்கிழமை நானே நடந்து அளந்தேன். நூத்தியோரு எட்டு. ஒரு எட்டு ஒரு கெஜம்,” என்றார் விட்டல பூஜாரி.

“உங்க எட்டு குட்டை, மாமா.”

பெயின்ட் டப்பாவோடு நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். விட்டல பூஜாரி தம்பி பக்கம் திரும்பினார்.

“நீ ஏன்டா வாயில பஜ்ஜியை அடைச்ச மாதிரி நிக்கறே? கேளேன்.”

“டேப்பு என்ன சொல்லுதுன்னு பாப்போம்ணே,” என்ற சஞ்சீவன், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினான்.

ஜலஜாட்சி டீச்சர் குனிந்து பார்த்தார். “இருநூத்தித் தொண்ணூத்தேழு அடி. கடை உள்ளே வருது.”

விட்டல பூஜாரி இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். அளந்தார்கள். அதே தொண்ணூற்றேழு.

“சிகரெட் இல்லாத கடையில எவன்டா நிப்பான்? இனி பஜ்ஜியை நீயே தின்னு.” சிகரெட் பெட்டிகளை எல்லாம் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோடு போட்டு முடித்துப் பிள்ளைகளும் போனார்கள். சஞ்சீவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, மஞ்சள் கோட்டைத் தாண்டி வெளியே கிடந்த தென்னை மட்டையை நகர்த்தினான்.

அதன் அடியில், நேற்றுவரை கடைச் சக்கரம் நின்ற குழி இருந்தது. போன வாரம் மகனின் புத்தகப் பையில் கிடைத்த, தன் கடையின் சிகரெட்டை அதில் போட்டு, மேலே மண்ணைத் தள்ளி மிதித்தான்.