ஒரு சாமான், ஒரு பேரு

"அந்தப் பொண்ணு கிளம்பறப்ப பையைத் திறந்து பாத்துட்டு அனுப்புங்க."

செங்கமலம் சொன்னதைக் கேட்டு அவள் கணவர் அமிர்தலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது.

"பைக்குள்ள அண்டாவையா வச்சுட்டுப் போயிடும்?"

"சிரிங்க, சிரிங்க. என்னத்தையாவது தூக்கிட்டுப் போனப்புறம் தெரியும்."

பெரம்பலூரிலும் அரியலூரிலும் அவர்களுக்குப் பாத்திரக்கடை. கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. அதில் எதைப் போடுவது என்பதில்தான் இழுபறி.

செங்கமலத்தின் அண்ணன் மகன் ராஜராஜன், "வெப்சைட் போடுங்க அத்தை. படம் புடிச்சுப் போட்டு, நீங்க சொல்றதை அப்படியே எழுதிடறேன். நினைச்சா மாத்திக்கலாம். துபாய்க்கு வேலைக்குப் போன லப்பைக்குடிக்காட்டு ஆளுங்க அங்கேருந்தே பாப்பாங்க" என்றான்.

திருச்சி கம்பெனியிலிருந்து வந்த லாவண்யா சொன்னது வேறு.

"எங்க சாஃப்ட்வேரைப் போட்டா சரக்கு விவரம் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும் சார். ஒரு சாமானுக்கு ஒரு பேரு, ஒரு விவரம். ரெண்டு கடையிலயும் அதேதான் தெரியும். இந்த ஆர்டர் கிடைச்சா என் வேலையை நிரந்தரம் பண்றதா கம்பெனியில சொல்லியிருக்காங்க."

"மாதிரிக்குப் போட்டுக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டு அமிர்தலிங்கம் வெளியே போனார்.

லாவண்யா ஒவ்வொரு பாத்திரமாக எடை போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றினாள். செங்கமலம் கல்லாவை விட்டு எழுந்து எழுந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்த ஊர் சரக்குன்னு எதுக்குக் கேக்கற?"

"விவரத்துல போடணும்மா."

"எதிர்க்கடைக்காரன் கேட்டா?"

"சொல்லமாட்டேம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

லாவண்யா சாப்பிடப் போன நேரத்தில் செங்கமலம் கரண்டிகளை எண்ணிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. அதுவும் சந்தேகமாக இருந்தது.

ரஞ்சன்குடியிலிருந்து மகள் கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வந்திருந்த கலியம்மாள், மாடியிலிருந்த சீர் அண்டாவின் விலையைக் கேட்டுத் திகைத்தாள்.

"போவுது, சீருக்கு எடுக்கறதுல பேரம் பேசக்கூடாது" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"அதான் நல்ல மனசு. பொண்ணு மகராசியா இருக்கும்" என்றாள் செங்கமலம்.

கலியம்மாள் அண்டாவோடு கடைப் படியிறங்கிப் போனதும் லாவண்யா தயங்கியபடி வந்தாள்.

"அம்மா, ஒரே ஒரு இடத்துல நிக்குது. கீழ இருக்கறது 'அண்டா'. மாடியில இருக்கறது 'சீர் அண்டா', விலை கூட. ஆனா எடை, கனம், கம்பெனி எல்லாம் ஒண்ணுதான். ஒரே சாமானுக்கு ரெண்டு பேரைக் கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. எந்தப் பேரை எடுத்துடட்டும்?"

செங்கமலம் வாசலைப் பார்த்தாள். கலியம்மாள் இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"மெதுவாப் பேசு. போயி உக்காரு."

அமிர்தலிங்கம் கடைக்குள் நுழைந்தார். "என்ன செங்கமலம், எதைப் போடலாம்?"

"ராஜராஜனையே வரச் சொல்லுங்க" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நான் அப்பவே சொன்னேன்ல? இந்தப் பொண்ணுக்குக் கை சுத்தமில்ல."